கண்ணுக்குத் தெரியாத பொற்கொல்லர்கள்



கோடை நாளில் பள்ளி விட்டு வியர்க்க விறுவிறுக்க வீடு திரும்புகிறீர்கள். அம்மா ஒரு டம்ளர் மோர் கொடுக்கிறார். உப்பும் பெருங்காயமும் போட்ட அந்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு விளையாடப் போய்விடுகிறீர்கள். அந்த ஒரு டம்ளர் மோரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாலைத் தயிராக்குபவை அவையே. அவற்றுள் ஒருவகைக்கு லாக்டோபேசில்லஸ் என்று பெயர்.

பாலைத் தயிராக்குவது மட்டுமன்றி, இந்தப் பாக்டீரியாக்கள் தங்கமும் வெள்ளியும் செய்யும் என்று சொன்னால் நம்புவீர்களா? 2002-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பினோஜ் நாயர், பிரதீப் என்னும் இரு விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டினார்கள். மோரில் உள்ள லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களைத் தங்க அயனிகளும் வெள்ளி அயனிகளும் கலந்த கரைசல்களில் விட்டு வைத்தார்கள். சில நேரம் சென்றபின் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, பாக்டீரியாக்களில் தங்கப் படிகங்களும் வெள்ளிப் படிகங்களும் வளர்ந்திருந்தன. இரண்டு உலோகங்களும் கலந்த கலவைப் படிகங்கள்கூடக் கிடைத்தன.

இல்லாத தங்கத்தைப் பாக்டீரியா படைத்துவிடவில்லை. இதை முதலிலேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரைசலில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடந்த தங்கத்தைத்தான் அது திடமான உலோகத் துகளாக மாற்றியது. ஒரு பாக்டீரியா ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? எப்படிச் செய்கிறது? சுற்றுப்புறத்தைக் கெடுக்காத முறை என்று இதைப் புகழ்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

நானோ என்றால் எவ்வளவு?

ஒரு மீட்டரை நூறு கோடிச் சம பங்குகளாக்கினால் ஒரு பங்கின் நீளம் 1 நானோமீட்டர். இதைக் கற்பனை செய்வது எளிதன்று. ஆகையால் ஒப்பிட்டுப் பார்ப்போம். நம் இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7,000 நானோமீட்டர். பாக்டீரியா ஒன்றின் நீளம் ஏறக்குறைய 2,000 நானோமீட்டர். 10 நானோமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளித் துகள்களை வரிசையாக அடுக்கினால், ஒரு பாக்டீரியாவின் நீளத்துக்கு 200 துகள்கள் வேண்டும். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை நானோ துகள்கள் என்கிறோம்.

இவ்வளவு சிறியதாக்குவதால் என்ன லாபம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள வெள்ளிக் கனசதுரம் ஒன்று இருக்கிறது. அதன் எடை 10.5 கிராம், அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இதையே பக்கத்துக்கு 10 நானோமீட்டர் உள்ள கனசதுரங்களாக வெட்டிக்கொண்டே போனால் மொத்த மேற்பரப்பு எவ்வளவு ஆகும்? 600 சதுர மீட்டர்! அதாவது 6,400 சதுர அடிக்கும் மேல். இரண்டரை கிரவுண்டு மனையைவிட அதிகம். வெள்ளி அதே 10.5 கிராம்தான்.

வேதிவினைகள் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. ஆகவே வினையூக்கிகள் செய்யவும், கிருமிகளைத் தடுக்கும் பூச்சுகள் செய்யவும், நோயறியும் கருவிகள் செய்யவும் நானோ துகள்கள் தேவைப்படுகின்றன.

நிறம் சொல்லும் செய்தி

தங்கம் மஞ்சள், வெள்ளி வெண்மை என்பது நகைக்கடையில் உண்மை. நானோ உலகில் அது செல்லாது. 10 அல்லது 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் மிதக்கும் தண்ணீர், மாதுளைச் சாற்றைப் போல் சிவந்திருக்கும். வெள்ளித் துகள்கள் மிதக்கும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அடர்த்தி மிகுந்தால் பழுப்பாகத் தோன்றும்.

இதை முதன்முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர், மின்காந்தத் தூண்டலில் நீங்கள் படித்திருக்கும் மைக்கேல் ஃபாரடேதான். 1857-ஆம் ஆண்டில் அவர் தங்கக் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு வினைபுரியச் செய்து, சிவந்த திரவத்தைப் பெற்றார். நுண்ணிய தங்கத் துகள்களே அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். எலெக்ட்ரான் நுண்ணோக்கி பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன் சொல்லப்பட்ட முடிவு இது! அவர் தயாரித்த திரவங்களுள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

நிறம் எப்படித் தோன்றுகிறது? உங்கள் தங்கை ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் எந்த வேகத்தில் ஆடுகிறதோ, அதற்கு இசைவாக நீங்கள் தள்ளினால் சிறு தள்ளலே போதும், அது உயர உயர ஆடும். இசைவில்லாமல் தள்ளினால் ஆடாது. இதையே ஒத்ததிர்வு என்கிறோம். உலோகத் துகளுக்குள் எலெக்ட்ரான்கள் கட்டின்றித் திரிகின்றன. ஒளி ஓர் அலை. அதன் மின்புலம் இந்த எலெக்ட்ரான் கூட்டத்தை முன்னும் பின்னுமாகத் தள்ளுகிறது. ஒளியின் அதிர்வெண் எலெக்ட்ரான் கூட்டத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், அந்த நிறத்து ஒளியைத் துகள் வாரி விழுங்கிவிடும். சிறிய வெள்ளித் துகள்கள் 400 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஊதா ஒளியை விழுங்குகின்றன. எஞ்சிய ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. தங்கத் துகள்கள் 520 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சை ஒளியை விழுங்குகின்றன. எஞ்சியது சிவப்பாகத் தெரிகிறது. துகளின் அளவும் வடிவமும் மாறினால் விழுங்கும் நிறமும் மாறும். 1908-ஆம் ஆண்டில் குஸ்டாவ் மீ என்ற ஜெர்மானிய இயற்பியலார் இதற்கான கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டினார்.

துகள்கள் ஒளியோடு விளையாடுவதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து நான்கைந்து சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, டம்ளரின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் திரவம் இலேசான நீலமாகத் தெரியும். விளக்குக்கு நேர் எதிரே நின்று திரவத்தின் வழியாகப் பார்த்தால் விளக்கு மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தெரியும். இங்கே நடப்பது சிதறல். வெள்ளியில் நடக்கும் ஒத்ததிர்வு அன்று. ஆயினும், கண்ணுக்குத் தனியாகத் தெரியாத துகளும் தன் இருப்பை ஒளியில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை இது விளக்கும்.

எலெக்ட்ரான் கொடுத்தால் உலோகம்

வெள்ளி நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்தால் வெள்ளி அயனிகள் கிடைக்கின்றன. ஓர் எலெக்ட்ரானை இழந்த வெள்ளி அணுவே வெள்ளி அயனி. இழந்த எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது மறுபடியும் வெள்ளி அணுவாகிவிடும். எலெக்ட்ரான் கொடுக்கும் இந்த வினைக்கு ஒடுக்கம் என்று பெயர். அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கொத்தாகி, கொத்து வளர்ந்து துகளாகிறது. மேல்வகுப்பு வேதியியலில் நீங்கள் செய்யும் வெள்ளி ஆடிச் சோதனையும் இதே வினைதான். அங்கே எலெக்ட்ரான் கொடுப்பது ஆல்டிஹைடு.

துகள்கள் பிறந்தவுடன் ஒரு தொல்லை தொடங்குகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து அடியில் படிந்துவிடப் பார்க்கும். ஃபாரடே தம் சிவந்த திரவத்தில் உப்பைச் சேர்த்தபோது அது நீலமாக மாறியது. ஜெலட்டின் கலந்திருந்தால் அந்த மாற்றம் தடைப்பட்டது. ஆகவே நானோ துகள் செய்ய இருவர் வேண்டும்: எலெக்ட்ரான் கொடுப்பவர் ஒருவர், துகளுக்குச் சட்டை போட்டு விலக்கி நிறுத்துபவர் இன்னொருவர்.

ஆய்வுக்கூடங்களில் எலெக்ட்ரான் கொடுக்கச் சோடியம் போரோஹைடிரைடு, ஹைட்ரசின் போன்ற பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரசின் கொடிய நஞ்சு. சில முறைகளில் டொலுவீன் போன்ற கரிமக் கரைப்பான்களும் தேவைப்படுகின்றன. இவற்றின் கழிவை எங்கே கொட்டுவது என்பது பெரிய சிக்கல்.

ஆனால் எல்லா வேதியியல் முறைகளும் நஞ்சு நிறைந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். 1951-இல் டர்கெவிச்சும் அவருடைய குழுவினரும் விளக்கிய முறையில், கொதிக்கும் தங்கக் கரைசலில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால் போதும். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு அது. எலெக்ட்ரான் கொடுப்பதும் சட்டை போடுவதும் அந்த ஒரே பொருள்தான்.

நஞ்சைத் தடுக்கும் தந்திரம்

இப்போது பாக்டீரியாவின் பக்கம் வருவோம். வெள்ளி அயனி பாக்டீரியாவுக்குக் கொடிய பகை. புரதங்களில் உள்ள கந்தகத்தோடு அது இறுகப் பிணைந்துகொள்கிறது. உயிர்வினைகளை நடத்தும் புரதங்கள் அதனால் செயலிழக்கின்றன, பாக்டீரியா மடிகிறது.

அப்படியானால் வெள்ளிச் சுரங்கத்தில் பாக்டீரியா வாழ முடியுமா? வாழ்கிறது! சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்ற பாக்டீரியாவின் ஓர் இனத்தை வெள்ளிச் சுரங்கம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த செய்தி 1984-இல் வெளிவந்தது. 1999-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இந்த இனத்தை வெள்ளி நைட்ரேட் கலந்த ஊடகத்தில் வளர்த்தார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, பாக்டீரியாவின் உட்சவ்வுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே, பெரும்பாலும் அதன் இரு முனைகளில், முக்கோணமும் அறுகோணமுமாக வெள்ளிப் படிகங்கள் இருந்தன. சில படிகங்கள் 200 நானோமீட்டர் வரை வளர்ந்திருந்தன.

இதன் பொருள் என்ன? எங்கும் ஓடித் திரியும் வெள்ளி அயனியை நகர முடியாத கட்டியாக்கி ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டால், அதன் தீமை வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பானைக்குள் அடைத்து வைப்பதைப் போன்றது இது. நாம் விலை கொடுத்து வாங்க நினைக்கும் துகள், பாக்டீரியாவுக்கு அடைத்து வைத்த பகை.

இவ்வாறே காட்மியம் என்ற நஞ்சு உலோகத்தைச் சில ஈஸ்டுகள் காட்மியம் சல்ஃபைடு நானோ படிகங்களாக்கிப் புரதத் துணுக்குகளால் மூடி வைக்கின்றன. இது 1989-இல் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் மண்ணிலிருந்து எடுத்த தங்க மணிகளின் மேல், தங்கத்தின் நஞ்சைத் தாங்கும் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாக வாழ்வதை 2006-இல் கண்டறிந்தார்கள். ஆற்று மணலில் தங்கம் சேர்வதில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது.

புனேயில் ஒரு பூஞ்சை

பாக்டீரியாவின் உடலுக்குள் துகள் இருந்தால் நமக்குத் தொல்லை. உடலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கு வழி காட்டியவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகளான முரளி சாஸ்திரி, அப்சர் அகமது ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும்.

முதலில் 2001-இல் வெர்டிசில்லியம் என்ற பூஞ்சையைக் கொண்டு தங்கத் துகளும் வெள்ளித் துகளும் செய்தார்கள். அந்தத் துகள்கள் பூஞ்சையின் இழைகளிலேயே ஒட்டிக்கொண்டன. அடுத்து ஃபுசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சையை எடுத்தார்கள். வாழைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் குடும்பம் தெரிந்திருக்கும். இலைகள் மஞ்சளாகி மடிந்து தொங்கி, மரமே சாய்ந்துபோகும் வாடல் நோயை உண்டாக்குவது இந்தப் பூஞ்சையின் ஒரு வகைதான்.

இந்தப் பூஞ்சை தன் உடலுக்கு வெளியே, தண்ணீரில், நொதிகளைச் சுரக்கிறது. அந்த நொதிகள் வெள்ளி அயனிகளுக்கு எலெக்ட்ரான் கொடுக்கின்றன. சில நாட்களில் திரவம் பழுப்பாகிறது. 2003-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, கிடைத்த வெள்ளித் துகள்களின் அளவு 5 முதல் 15 நானோமீட்டர். பூஞ்சை சுரந்த புரதங்களே துகள்களுக்குச் சட்டையாகவும் அமைந்தன. கொதிக்கவைக்கத் தேவையில்லை, நச்சுக் கரைப்பான் தேவையில்லை. பூஞ்சையை வடிகட்டி எடுத்துவிட்டால் துகள்கள் தண்ணீரிலேயே இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுரங்கத்துப் பாக்டீரியாவைப் போல இந்தப் பூஞ்சை வெள்ளியோடு போராடி வாழ்ந்ததன்று. வேறு வேலைக்காக அது சுரக்கும் நொதி, வெள்ளி அயனிக்கும் எலெக்ட்ரான் கொடுத்துவிடுகிறது. ஆகவே எல்லா நுண்ணுயிர்களும் தற்காப்புக்காகவே உலோகம் செய்கின்றன என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது.

பழுப்பு நிறம் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இந்தச் சோதனையைத் தன் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டாள். பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து, குடுவையை ஜன்னல் ஓரத்து மேசையில் வைத்திருந்தாள். மறுநாள் காலை நான் அறைக்குள் நுழையும் முன்பே ஓடி வந்தாள்.

"சார், பழுப்பாகிவிட்டது! வெள்ளி வந்துவிட்டது!"

குடுவை நல்ல பழுப்பாகத்தான் இருந்தது. "பாக்டீரியா போடாத குடுவை எங்கேம்மா?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். அப்படி ஒரு குடுவையை அவள் வைக்கவே இல்லை.

அன்று மாலை நான்கு குடுவைகள் வைத்தோம். முதலாவதில் ஊடகம், பாக்டீரியா, வெள்ளி நைட்ரேட் மூன்றும். இரண்டாவதில் பாக்டீரியா இல்லை. மூன்றாவதில் வெள்ளி நைட்ரேட் இல்லை. நான்காவதில் காய்ச்சி வடித்த நீரும் வெள்ளி நைட்ரேட்டும் மட்டும். மறுநாள் பார்த்தால், பாக்டீரியாவே இல்லாத இரண்டாவது குடுவையும் பழுப்பாகி நிற்கிறது! மூன்றாவதும் நான்காவதும் மாறவில்லை.

காரணம் என்ன? ஊடகத்தில் உப்பு இருந்தது. உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகிறது. அது ஒளி பட்டால் கறுக்கும். பழைய புகைப்படச் சுருள்களும் வெள்ளி உப்புகளின் இந்தக் குணத்தால்தான் இயங்கின. ஜன்னல் வெயிலும் ஊடகத்து உப்பும் செய்த வேலையை நாங்கள் பாக்டீரியாவின் கணக்கில் எழுதப் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஆனால் விட்டுவிடவில்லை. பாக்டீரியாக்களைப் பலமுறை கழுவி, உப்பில்லாத நீரில் மிதக்கவிட்டு, குடுவைகளைக் கறுப்புத் தாளால் சுற்றி மறுபடியும் தொடங்கினாள். மூன்றாம் நாள், பாக்டீரியா உள்ள குடுவை மட்டும் இலேசான மஞ்சள் பழுப்பாயிற்று. நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தபோது 420 நானோமீட்டர் அளவில் ஒளியை மிகுதியாக விழுங்கியது. எங்களிடம் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை. ஆகவே அவள் தன் அறிக்கையில் "வெள்ளி நானோ துகள்கள் உருவாகியிருக்கக்கூடும், அளவும் வடிவமும் அறியப்படவில்லை" என்று எழுதினாள். நான் திருத்திய அறிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

(வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்புக் கறை விழும், கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. பாக்டீரியாக்களை வளர்ப்பதும் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை. ஆகவே இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது.)

பசுமை முறைதானா?

இனி மூன்றாவது கேள்வி. நுண்ணுயிர் செய்கிறது என்பதாலேயே ஒரு முறை சுற்றுப்புறத்துக்கு நல்லது என்று சொல்லிவிடலாமா? கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வரவுப் பக்கத்தில் இருப்பவை: அறை வெப்பநிலை போதும், தண்ணீரே கரைப்பான், ஹைட்ரசின் போன்ற நஞ்சு வேண்டாம், சட்டை போடும் பொருளைத் தனியே வாங்க வேண்டாம்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். நுண்ணுயிரை வளர்க்கச் சர்க்கரையும் புரதமும் வேண்டும். ஊடகத்தில் வேறு கிருமிகள் சேராதிருக்க, பிரஷர் குக்கரைப் போன்ற ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து எடுக்க வேண்டும். வேலை முடிந்தபின் நுண்ணுயிரையும் அவ்வாறே கொன்று அகற்ற வேண்டும். பயிர்நோய்ப் பூஞ்சையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது தப்பித்தவறி வெளியே போய்விடக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மின்சாரம் செலவாகிறது.

அளவையும் பாருங்கள். இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் ஒரு லிட்டர் நீருக்கு 0.17 கிராம் வெள்ளி நைட்ரேட் சேர்ப்பார்கள். அதிலுள்ள வெள்ளி முழுவதும் துகளானாலும் 0.11 கிராமுக்கு மேல் கிடைக்காது. நாம் முன்பு வெட்டிய 1 கன சென்டிமீட்டர் வெள்ளிக்கு ஏறக்குறைய 100 லிட்டர் திரவம் வேண்டும்! நாட்களும் ஆகும். எல்லாத் துகளும் ஒரே அளவாக அமைவதும் கடினம்.

இந்தக் கடைசிக் குறையை இயற்கை ஓரிடத்தில் தீர்த்து வைத்திருக்கிறது. 1975-இல் பிளேக்மோர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, காந்தப்புலத்தின் வழியே நீந்திச் செல்லும் பாக்டீரியாக்களைப் பற்றி எழுதினார். அவற்றின் உடலில் 35 முதல் 120 நானோமீட்டர் அளவுள்ள காந்தப் படிகங்கள் மணிமாலை போல் கோத்திருக்கின்றன. ஒவ்வோர் இனமும் தனக்கே உரிய வடிவத்தில் படிகம் செய்கிறது. மரபணுக்கள் அதைக் கட்டுப்படுத்துகின்றன. அந்தக் கட்டுப்பாட்டைப் புரிந்துகொண்டால், வேண்டிய அளவில் துகள் செய்யும் வழியும் தெளிவாகும்.

செலவுக் கணக்கில் இன்னும் ஒன்று மீதி. செய்த துகள் கடைசியில் எங்கே போகிறது? துர்நாற்றம் வராமலிருக்க நானோ வெள்ளி சேர்த்த காலுறைகளைத் தண்ணீரில் அலசினால் வெள்ளி கழன்று நீரில் கலக்கிறது என்பதை அமெரிக்காவில் அரிசோனா விஞ்ஞானிகள் 2008-இல் அளந்து காட்டினார்கள். கழிவுநீர் நிலையங்களில் அசுத்தத்தைத் தின்று நீரைத் தூய்மையாக்குபவையும் பாக்டீரியாக்களே. கிருமியைக் கொல்லும் வெள்ளிக்கு நல்ல பாக்டீரியா எது, கெட்ட பாக்டீரியா எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கழிவுநீரிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளியின் பெரும் பகுதி எளிதில் கரையாத வெள்ளி சல்ஃபைடாகிவிடுவதால் தீமை ஓரளவு தணிகிறது. ஆனாலும் பூஞ்சை செய்த வெள்ளியானாலும் ஹைட்ரசின் செய்த வெள்ளியானாலும், சாக்கடையில் விழுந்தபின் இரண்டும் வெள்ளிதான்.

கழிவே மூலப்பொருளானால்

அப்படியானால் இந்த முறை வீண்தானா? அன்று. எங்கே பொருத்தமோ அங்கே இதன் சிறப்பு விளங்கும்.

கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியில் பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது. பழைய கார்களோடு அதுவும் குப்பைக்குப் போகிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், டிசல்ஃபோவிப்ரியோ என்ற பாக்டீரியாவை இதற்குப் பயன்படுத்தினார்கள். வினையூக்கிக் கழிவை அமிலத்தில் கரைத்த நீரில், இந்தப் பாக்டீரியா ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பெற்றுப் பல்லேடிய அயனிக்குக் கொடுத்து, அதை உலோகத் துகளாகத் தன் மேல் படியவைத்துக்கொள்கிறது. பல்லேடியம் பூசிய அந்தப் பாக்டீரியாவையே புதிய வினையூக்கியாகவும் பயன்படுத்தலாம் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள்.

இங்கே கணக்கு மாறிவிடுகிறது பாருங்கள். தூய உலோக உப்பை வாங்கி வந்து துகளாக்கவில்லை. கழிவிலிருந்து உலோகத்தை மீட்கிறார்கள். கழிவும் குறைகிறது, சுரங்கம் தோண்டும் தேவையும் அந்த அளவுக்குக் குறைகிறது. நஞ்சை ஒதுக்கி வைப்பதுதானே நுண்ணுயிரின் திறமை? நம் நஞ்சை அகற்ற அந்தத் திறமை உதவும்போதுதான் அதன் முழுப் பயனும் கிடைக்கிறது.

ஆகவே மாணவர்களே, "இது இயற்கை முறை, ஆகையால் தீங்கற்றது" என்று யாராவது சொன்னால் மறுக்கவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? நடுவில் எவ்வளவு நீரும் மின்சாரமும் செலவாயின? கடைசியில் மிஞ்சியது எங்கே போகிறது? இந்த மூன்றையும் கேளுங்கள்.

அந்த மாணவியின் கதையில் ஒரு சிறு பகுதி மிச்சம் இருக்கிறது. சோதனை முடிந்த அன்று குடுவைகளைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். பழுப்புத் திரவத்தைத் தொட்டியில் சாய்க்கப் போனவள் சற்று நின்றாள். "சார், இதை இங்கே கொட்டினால் அந்தப் பக்கம் இருக்கிற பாக்டீரியா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட் மிச்சத்தை நாங்கள் கணக்கில்லாமல் அந்தத் தொட்டியில்தான் கொட்டி வந்தோம். ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை, எனக்கும்கூட. அன்று அந்தத் திரவத்தில் அளவாக உப்புச் சேர்த்து, வெள்ளியைப் படியவைத்து வடிகட்டினோம். வடிகட்டிய படிவைப் பழுப்புச் சீசா ஒன்றில் சேர்த்து, "வெள்ளிக் கழிவு" என்று எழுதி ஒட்டினாள். அவள் படித்து முடித்துப் போய்விட்டாள். சீசா இருக்கிறது. அது நிறையும்போது, அதிலிருந்து வெள்ளியை மீட்டெடுப்பது அடுத்த வகுப்பு மாணவர்களின் செயல்திட்டமாக இருக்கும்.